அப்பா வீட்டில் – ரூபாய் பூஜ்யம்

ஏப்ரல் 24, வியாழன்

முதலில் மன்னிப்பு. மணி பதினொன்றே முக்கால். இந்நேரத்துக்கு எழுதினால் எழுத்து கோணலாகத்தான் வரும். ராத்திரி வேலை முடித்து வந்து, எரிகிற கண்ணோடு நீங்கள் இதைப் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் வேறு நேரம் எங்கே இருக்கிறது? காலையில் நீங்கள் கம்பெனியிலிருந்து வரும்போது ஆறே முக்கால். நான் இரண்டு அடுப்புக்கு நடுவில் நிற்கிறேன். எட்டேகாலுக்கு ஸ்கேன் சென்டருக்கு ஓட்டம். சாயங்காலம் ஆறரைக்கு நான் படியேறி வரும்போது நீங்கள் பாயை விரித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பதேகாலுக்கு எழுந்து மறுபடி கிளம்பிவிடுகிறீர்கள். கம்பெனியில் செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டச் சொல்கிறார்கள். அதனால் மருந்துக் கம்பெனிக்காரர் எங்கள் சென்டருக்குக் கொடுத்துப்போன இந்த டைரி. ஃப்ரிட்ஜ் மேல் வைக்கிறேன். நான் ராத்திரி எழுதுவேன், நீங்கள் காலையில் படித்து இரண்டு வரி எழுதுங்கள்.

நேற்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஜூன் இரண்டாம் தேதிதான் திறக்கிறார்கள். ஞாயிறும் மே தினமும் போக முப்பத்திரண்டு வேலை நாள். பவதாவுக்கு ஒன்பது வயது, நிகிலனுக்கு ஐந்து. தனியாக விட முடியாது. என் வேலை ஜூன் கடைசியில்தான் நிரந்தரமாகும். அதுவரை ஒரு நாள் லீவு எடுத்தாலும் ஆறு மாதச் சோதனைக் காலம் முதலிலிருந்து தொடங்கும் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோடை முகாம்களுக்கு போன் போட்டேன். அவிநாசி ரோட்டில் ஒன்று. ரோபோ செய்வது, மணிச்சட்டத்தில் கணக்குப் போடுவது, அடுப்பில்லாத சமையல். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை.

“பேரண்ட்ஸ் பன்னெண்டரைக்குக் கரெக்டா வந்து கூட்டிட்டுப் போயிரணும் மேடம்” என்றாள் போனை எடுத்த பெண்.

“பன்னெண்டரைக்கு எந்த ஆபீஸ்ல விடறாங்க?”

“தெரியலீங்க மேடம். நான் ஏழு மணி வரைக்கும் இருப்பனுங்க.”

இருவருமே சிரித்துவிட்டோம்.

கணக்கு இதுதான்:

முழுநாள் முகாம், இரண்டு பேருக்கும் – 28,000
அரைநாள் முகாம், இரண்டு வாரத்துக்கு மட்டும் – 9,000
கீழ் வீட்டு மெஹருன்னிசா அக்கா பார்த்துக்கொள்ள – 6,000
அப்பா வீட்டில் – 0

என் சம்பளம் பத்தொன்பதாயிரம். முதல் வரியை எழுதியதுமே அடித்துவிட்டேன். மெஹருன்னிசா அக்கா ஜாக்கெட் தைத்துக்கொண்டே பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனுஷி. ஆனால் நீங்கள்தான் இந்த லீவு முழுக்க நைட் ஷிப்ட் மாற்றி வாங்கிவிட்டு வந்து நிற்கிறீர்களே. “பகல்ல நான் வீட்லதான இருக்கேன் சுகன்யா. அதுங்க பாட்டுக்கு வெளையாடும், நான் பாட்டுக்குத் தூங்குவேன். எதுக்குத் தண்டம்?” என்றீர்கள்.

நான்காவது வரிக்கு இரண்டு கோடு போட்டேன். இப்படி ஒரு புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஏப்ரல் 25, வெள்ளி

உங்கள் பதில் பார்த்தேன். சிவப்புப் பென்சிலில்: “படித்தேன். எழுத்து நேராகத்தான் இருக்கிறது. பால் வாங்கியாச்சு.”

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று சாயங்காலம் கதவைத் தட்டினால் நிகிலன் கழுத்தில் அட்டை தொங்கவிட்டு நிற்கிறான். “அட்டெண்டன்ஸ் போட்டுட்டு உள்ள வாங்க” என்கிறான். எனக்கு என்ன நடக்கிறதென்று புரியவே கால் மணி நேரமாயிற்று.

வீட்டைக் கம்பெனியாக்கி வைத்திருக்கிறீர்கள். காலண்டர் அட்டையில் ஷிப்ட் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒன்பது மணிக்குப் பாதுகாப்புக் கூட்டம். பதினொன்றுக்கு டீ இடைவேளை – தட்டில் கரண்டியால் அடித்தால் மணி. பவதாரணி குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நிகிலன் ஸ்டோர் கீப்பர். பொத்தான், கிளிப், பாட்டில் மூடி எல்லாம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது அவன் பொறுப்பு. நேற்றைய உற்பத்தி: பழைய மிக்ஸி மோட்டாரில் ஓடும் ஒரு ராட்டினம். இன்றைய உற்பத்தி: ரவா உப்புமா. உப்புமாவில் கட்டி இருந்ததால் இன்ஸ்பெக்டர் அம்மா திருப்பி அனுப்பிவிட்டாராம். நீங்கள் இரண்டாம் முறை செய்து ஒப்புதல் வாங்கினீர்களாம்.

பவதாவுக்கு வெர்னியர் காலிபர் கருவியால் கனம் அளக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். தட்டிலிருந்த இட்லியை அளந்து “அம்மா, உங்க இட்லி ஒண்ணுக்கொண்ணு நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்” என்கிறாள். நாற்பத்தைந்து நாள் ரோபோ வகுப்புக்கு அனுப்பினாலும் இந்த வாய் வராது.

நீங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தீர்கள். இதையெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மே 1, வியாழன்

மே தினம். உங்களுக்கும் எனக்கும் லீவு. காலை ஏழு மணிக்குப் படுத்தவர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கண் திறந்தீர்கள். மதியம் கோழிக் குழம்பு செய்துவிட்டு மூன்று தடவை எழுப்பினேன். நிகிலன் மார்மேல் ஏறி உட்கார்ந்தும் அசையவில்லை. உழைப்பவர்கள் தினத்தைத் தூங்கித்தான் கொண்டாட வேண்டும் போலிருக்கிறது.

குழம்பு நன்றாக இருந்தது என்று பென்சிலில் எழுதினால் சந்தோஷப்படுவேன்.

மே 3, சனி

பூக்கட்டும் நூல்கண்டு போன வாரம்தான் வாங்கினேன், பாதி காணோம். இன்று மல்லிகை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்து கட்டலாம் என்று பார்த்தால் சுருண்டு கொஞ்சம்தான் கிடக்கிறது. பவதாவிடம் கேட்டேன். “ஸ்டோர் கீப்பரக் கேளுங்க” என்றாள். ஸ்டோர் கீப்பர், “அது சேஃப்டிக்குக் குடுத்தாச்சு” என்றார். பட்டம் விட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நிகிலன் மணிக்கட்டில் கோடு போல ஒரு சிவப்பு. கொசு கடித்துச் சொறிந்திருப்பான். தேங்காயெண்ணெய் தடவினேன்.

மே 7, புதன்

ஹெல்மெட்டை ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்தீர்கள். தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டிலிருந்து மெஹருன்னிசா அக்காவே மேலே வந்துவிட்டார். “வெயிலுக்குத் தலைக்குக் குளுகுளுனு இருக்கட்டும்னு வச்சிருப்பாரு” என்றார்.

மே 9, வெள்ளி

சென்டரில் என் பக்கத்து சீட் ஜெசிந்தா தன் பையனைப் பதினாலாயிரம் கட்டி முழுநாள் முகாமில் சேர்த்திருக்கிறாள். தினம் சாயங்காலம் அவன் கையில் கொடுத்தனுப்பும் ஒரே வேலை, ஐஸ் குச்சியில் ஒட்டிய வீடு. இதுவரை ஒன்பது வீடு கட்டிவிட்டானாம்.

நம் வீட்டுக் கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். பாதுகாப்புக் கூட்டம், அட்டெண்டன்ஸ், இட்லி அளந்தது எல்லாம். பில் போட வரிசையில் நின்ற ஒரு பாட்டியம்மா கூட ஸ்கேன் பயத்தை மறந்து கேட்டுக்கொண்டு நின்றார். ஜெசிந்தா கேட்டாள், “உங்க வீட்டுக்காரர வாடகைக்கு விடுவீங்களா?”

“அவர் ரேட்டு ரொம்ப ஜாஸ்தி” என்றேன்.

நாள் முழுக்க எனக்குள் ஒரு பெருமை. கணக்கில் ஒரு ரூபாய் போகவில்லை, பிள்ளைகளோ இவ்வளவு மலர்ந்து என்றைக்கும் இருந்ததில்லை. இன்றைக்கு நிகிலன் ஷூ லேஸ் தானே கட்டிக்கொண்டான். போன மார்ச் வரை எல்.கே.ஜி. மிஸ் என்னைக் கூப்பிட்டு வைத்துக் குறை சொன்ன பையன்.

நீங்கள் எப்படி இத்தனையும் செய்துவிட்டுத் தூங்கவும் செய்கிறீர்கள் என்றுதான் எனக்குப் புரிவதில்லை. கேட்க வேண்டும் என்று நினைப்பேன். நான் வரும்போது படுத்துவிடுகிறீர்கள்.

மே 13, செவ்வாய்

காலையில் ஏழு இருபது வரை வரவில்லை. நான் பால்கனிக்கும் அடுப்புக்குமாக நடந்ததில் ஒரு தோசை கரிந்தது. வந்ததும் பவதாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: “சிங்காநல்லூர் சிக்னல்ல நின்னேன் கண்ணு. பின்னால இருந்து ஆரன் அடிச்சாங்க. பாத்தா ரெண்டு தடவ பச்ச விழுந்து போயிருக்குது.”

பவதா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். எட்டேகால் ஆகிவிட்டதே என்று கிளம்பியும் விட்டேன்.

மே 16, வெள்ளி

பேங்க்கில் மாதாமாதம் கட்டிய ஆர்.டி. முடிந்து பணம் வந்துவிட்டது. பதினாறாயிரத்து நானூறு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு, மே மாதத்தில் அடுப்பில் வைத்த சட்டிதான். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர் பகலில் கண் மூட வேண்டுமென்றால் ஏசி வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம். இன்னும் பதினைந்தாயிரம் சேர்த்தால் அந்த ஒரு டன் வாங்கிவிடலாம். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

இன்னொன்று. கம்பெனி விளையாட்டுக்காகப் பவதா பாதுகாப்பு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினாளாம். முத்து முத்தாக இருக்கிறது. கைக்கு உறை போடவும். தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே துடைக்கவும். ஐந்தாவது விதி: தூக்கக் கலக்கத்தோடு மெஷின் பக்கம் நிற்கக் கூடாது.

ராத்திரி படுக்கும்போது கேட்டாள், “அம்மா, அஞ்சாவது ரூல் பெரியவங்களுக்கும் உண்டா?”

“எல்லாருக்கும்தான் சாமி.”

“அப்ப சூப்பர்வைசர் பாத்துக்குவாரா?”

“பாத்துக்குவாரு. தூங்கு.”

பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? சும்மா கேட்கிறேன்.

மே 17, சனி

உங்கள் பதில்: “போதுமான அளவு.”

சரி.

மே 20, செவ்வாய்

இன்று பதினொன்றரை மணிக்குச் சென்டரில் சர்வர் படுத்துவிட்டது. பில் போட முடியவில்லை. ஒன்றரை வரை காத்திருந்துவிட்டு, “இன்னிக்கு அரை நாள், லீவுல எழுத மாட்டேன், போங்க” என்று மேடமே அனுப்பிவிட்டார். வழியில் அரை கிலோ மாம்பழம் வாங்கினேன். உங்களை எழுப்பக் கூடாதென்று என்னிடமிருந்த சாவியால் ஓசைப்படாமல் திறந்தேன். மணி இரண்டு பத்து.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் உங்கள் கண் மூடியிருந்தது.

ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே, வெறும் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கழுத்தில் ஈரத் துண்டு. வலது கால் கட்டைவிரலில் பூக்கட்டும் நூல். அதன் மறுமுனை நிகிலன் மணிக்கட்டில். அவன் ஐந்தடி தள்ளி உட்கார்ந்து பாட்டில் மூடிகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். இடது கையில் இன்னொரு நூல் பால்கனிக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போனது. பவதா நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

“இப்பதாம்மா நின்னாரு” என்றாள் கிசுகிசுப்பாக.

நிகிலன் என்னிடம் ஓடி வர எழுந்தான். நூல் இழுத்தது. அடுத்த நொடி நீங்கள் எழுந்து நின்றிருந்தீர்கள். கண் திறக்கும் முன்பே எழுந்துவிட்டீர்கள். “நிகி, எங்க சாமி போற?” என்று அவன் தோளைப் பிடித்த பிறகுதான் என்னைப் பார்த்தீர்கள்.

“ஏனுங்க, இது என்னதுங்க?” என்றேன்.

“சேஃப்டி” என்றீர்கள். சிரித்தீர்கள். “பையன் மாடிப்படி பக்கம் போனா எனக்குத் தெரியணுமில்ல? நல்ல யோசனை பாத்தியா?”

உண்மையிலேயே நல்ல யோசனைதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களைப் பாயில் படுக்கச் சொன்னேன். அப்படியே சாய்ந்தீர்கள், நான் தலையணை எடுத்து வருவதற்குள் தூங்கிவிட்டீர்கள். நிகிலனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பவதாவின் நோட்டைக் கேட்டேன். தர யோசித்தாள். “இது கம்பெனி ரெக்கார்டு” என்றாள். பிறகு தந்தாள்.

உங்கள் கம்பெனியில் மெஷின்களுக்கு எழுதுவீர்களாமே, அதே போலக் கோடு போட்டிருக்கிறாள். மெஷின் எண். ஓடிய நேரம். நின்ற நேரம். காரணம். மெஷின் ஒன்று, ராட்டினம். மெஷின் இரண்டு, டேபிள் ஃபேன். மெஷின் மூன்று, அப்பா.

நான் படித்ததில் சில வரிகள் மட்டும்:

ஏப்ரல் 30. அப்பா. நின்ற நேரம்: 1 மணி 10 நிமிடம். காரணம்: மதியச் சாப்பாடு.
மே 1. நின்ற நேரம்: 11 மணி நேரம். காரணம்: அம்மா லீவு.
மே 6. நின்ற நேரம்: 35 நிமிடம். காரணம்: நிகி தூங்கினான்.
மே 12. நின்ற நேரம்: 0. காரணம்: நிகிக்குக் காய்ச்சல், அப்பா ஈரத்துணி போட்டார்.
மே 15. நின்ற நேரம்: 20 நிமிடம். காரணம்: உட்கார்ந்தார், தானாக நின்றுவிட்டார்.

பன்னிரண்டாம் தேதி நிகிலனுக்குக் காய்ச்சல் அடித்தது எனக்குத் தெரியாது. நான் வரும்போது அவன் உடம்பு சாதாரணமாக இருந்தது. அன்றைக்கு டைரியில் என்ன எழுதினீர்கள் என்று திருப்பிப் பார்த்தேன். “பால் வாங்கியாச்சு. தக்காளி தீர்ந்தது.”

பக்கம் பக்கமாக அந்த நோட்டுக் கணக்கைக் கூட்டினேன். பில் போடும் கை, தானாகக் கூட்டிவிட்டது. மே தினத்தையும் ஞாயிறுகளையும் விட்டால் பகலில் நீங்கள் தூங்கியது நாளுக்கு நாற்பது நிமிடம். சாயங்காலம் நான் வந்த பிறகு இரண்டு மணி நேரம். அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு எழுந்து காபி குடித்தீர்கள். நோட்டைக் காட்டினேன். பவதாவைப் பார்த்து, “ஏன் இன்ஸ்பெக்டரம்மா, ரிப்போர்ட்ட மேலிடத்துக்குக் குடுத்துட்டீங்களா?” என்றீர்கள்.

“அஞ்சாவது ரூலு நீங்கதான சொன்னீங்க?” என்றாள். அழுதுவிட்டாள்.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள், “இன்னும் பத்து நாள்தான சுகன்யா. ஓட்டிருவேன். நீ வேலைய நெரந்தரம் பண்ணிக்கோ. ஆறாயிரம் சும்மாவா வருது?” ஒன்பதேகாலுக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனீர்கள். நான் பால்கனியில் நின்று வண்டிச் சத்தம் தெரு முனை திரும்பும் வரை கேட்டேன். தடுக்கவில்லை.

அதே இரவு, மணி 12.40

தூக்கம் வரவில்லை. அதனால் தொடர்ந்து எழுதுகிறேன்.

போன ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு உங்கள் கம்பெனிக்குள் விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் பிரஸ் மெஷினுக்கு மாலை போட்டிருந்தது. தகட்டை உள்ளே வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து இறங்கி வெட்டும் என்று நிகிலனுக்குக் காட்டினீர்கள். கையை எடுக்கக் கால் நொடிதான் இருக்கும் என்றீர்கள். நமக்குப் பொரிப் பொட்டலம் கொடுத்த பெரியவருக்கு இரண்டு விரல் இல்லை. பவதா கேட்டதற்கு, “ஒரு நாள் ராத்திரி கண்ணு அசந்துருச்சு அம்மிணி” என்றார். இன்றைக்கு ஒன்பதேகாலிலிருந்து அந்தப் பொரிப் பொட்டலம்தான் கண்ணில் நிற்கிறது.

பத்தரை மணிக்கு ஒரு வேலை செய்தேன். உங்களுக்குக் கோபம் வரலாம். கம்பெனி கேட் நம்பர் உங்கள் சம்பளச் சீட்டின் மேல் இருக்கிறது. போட்டேன். வாட்ச்மேன், “யாருக்கு என்னாச்சு?” என்று பதறிவிட்டார். ஒன்றுமில்லை, பிரஸ் ஷாப் சூப்பர்வைசரிடம் பேச வேண்டும் என்றேன். பத்து நிமிடம் கழித்து மோகனசுந்தரம் அண்ணன் கேட்டுக்கு வந்து பேசினார். பின்னால் மெஷின் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“அண்ணா, நான் பூபதி வீட்டுக்காரிங்க. இன்னிக்கு அவர மெஷின்ல விடாதீங்க. தூங்கி மூணு வாரமாச்சுங்க. சம்பளம் புடிச்சாலும் பரவால்ல.”

“அம்மிணி, நீங்க கூப்பிடுவீங்கனு ஒரு வாரமா எதிர்பாத்துட்டு இருக்கனுங்க” என்றார். “போன செவ்வாக்கெழமையே அவன் கையப் புடிச்சு எழுப்பி, பேக்கிங் பக்கம் ஒக்கார வச்சுட்டேன். பிரஸ்ல நிக்கற இன்சென்டிவ் கெடைக்காது, அவ்வளவுதான். வீட்ல சொல்லிராதீங்கனு கும்பிட்டான். நானும் ரெண்டு புள்ள பெத்தவன், எப்படிங்க சொல்லுவேன்?”

விரல்கள் பத்திரமாக இருக்கின்றன என்று தெரிந்ததும் அவருக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் வெட்கம் வந்தது. போன செவ்வாய் என்பது சிக்னலில் இரண்டு பச்சை போன நாள். அந்த அண்ணன் அன்றைக்கே பார்த்திருக்கிறார். பவதா அதற்கும் முன்னால் பார்த்து, கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறாள். நான் உங்களைப் பாராட்டி எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். ஹெல்மெட், நூல், மே தினம், எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. பதினாறாம் தேதி கேட்டேன், பதினேழாம் தேதி “சரி” என்று எழுதினேன். அதற்கு மேல் கேட்டிருந்தால் நீங்கள் உண்மையைச் சொல்லியிருப்பீர்களோ என்னவோ. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உண்மை தெரிந்தால் ஆறாயிரம் ரூபாயை எங்கிருந்தாவது எடுக்க வேண்டியிருந்திருக்கும். பாராட்டு எழுதக் காசு வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பாராட்டியதில் ஒரு சொல்லையும் அடிக்க மாட்டேன். இப்படி ஒரு முகாமை இந்த ஊரில் எவரும் எந்தப் பணத்துக்கும் நடத்தவில்லை. ஒன்பது வயதுப் பெண் தன் அப்பா சோர்ந்துபோவதைக் கண்டுபிடித்து எழுதுகிறாள் என்றால், பார்க்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான்.

இனி நடக்கப்போவது. ஒன்பதரைக்குக் கீழே போய் மெஹருன்னிசா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். இன்னும் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “நூல் கட்டிட்டாரா?” என்று கேட்டு மெஷினை நிறுத்திவிட்டார். “ஏன்டி, பகல்ல மேல பசங்க ஓடற சத்தம் கேட்டுட்டேதான் இருந்துச்சு. மனுசன் தூங்கறாருன்னு யாரு நம்புவா? ஏப்ரல்லயே வுட்டுருக்கலாமில்ல?” என்றார். நாளையிலிருந்து காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் கீழே போகிறார்கள். மூன்றரைக்கு மேலே வருவார்கள். மீதி இருக்கிற பத்து நாளுக்கு இரண்டாயிரம் என்று நான்தான் வற்புறுத்தினேன். ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வாங்க மாட்டேன் என்று சண்டை போடுகிறார். ஏசிப் பணத்திலிருந்து கொடுக்கிறேன். கண் மூட நேரமே இல்லாதவருக்கு ஏசி வாங்கி என்ன செய்வது? முதலில் நேரம் வாங்குவோம், குளிர் அடுத்த வருஷம் வாங்கலாம்.

கம்பெனியை மூட வேண்டாம். மூடினால் ஸ்டோர் கீப்பர் வேலைநிறுத்தம் செய்வார். நான்கு மணி முதல் ஆறு மணி வரை ஒரே ஷிப்ட். அட்டெண்டன்ஸ் அட்டையில் நேரத்தை மாற்றி எழுதிவிட்டேன். நூல்கண்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நீங்கள் ஆறே முக்காலுக்கு வரும்போது இந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பேன். வண்டியை மெதுவாக ஓட்டி வாருங்கள். தூக்கம் வந்தால் கம்பெனியிலேயே ஒரு மணி நேரம் படுத்துவிட்டு வாருங்கள், நான் பிள்ளைகளைக் கீழே விட்டுவிட்டுக் கிளம்பிக்கொள்வேன்.

கடைசியாக, ஏப்ரல் 24 பக்கத்துக்குத் திரும்பிப் போய் நான்காவது வரியில் அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் எந்தத் தொகையை எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்.

நாளை பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று இதற்குக் கீழே எழுதுங்கள். “போதுமான அளவு” என்று வேண்டாம். மணியும் நிமிடமும் வேண்டும். கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். பதில் சீக்கிரம் எழுதுங்கள்.